எட்டுச் சகனும் எட்டு விளக்கும்

மூன்றாம் விளக்கு எரிந்தது. பரிமாறுகிற உம்மு நெய்ச்சோற்றுச் சட்டியோடு திரைக்குப் பின்னால் போனாள். போன வேகத்திலேயே சட்டி குறையாமல் திரும்பி வந்தாள். மூன்றாம் சகன் தட்டில் சோறு குவிந்து கிடக்கிறதாம். தீர்ந்து போயிருப்பது நாலாம் சகனில்தானாம்.

சமையல் கொட்டிலில் நின்ற ஜவுபர் விளக்குகளை மறுபடி எண்ணிப் பார்த்தான்.

மீராசா ஹாஜியாரின் மூத்த மகளுக்குக் கலியாணம். சாய்ந்தமருதில் அந்த எண்பத்திரண்டாம் ஆண்டில் அதைவிடப் பெரிய விருந்து நடக்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள், சகனுக்கு ஆறு பேராக ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள். பந்திக்கு எட்டுச் சகன். எதில் சோறு தீர்ந்தது என்று ஆண்கள் எட்டிப் பார்க்க முடியுமா? சமையல் கொட்டிலோ முற்றத்தின் மறு கோடியில். அதனால்தான் றேடியோ திருத்துகிற ஜவுபர், சகனுக்கொரு பட்டனும் கொட்டிலில் சகனுக்கொரு சிவப்பு விளக்குமாக இந்த ஏற்பாட்டைச் செய்திருந்தான்.

பட்டனுக்கொரு கம்பி இழுத்தால் கலியாண வீடு மீன் வலையாகிவிடும். ஆகவே கொழும்பிலிருந்து ஷிப்ட் ரெஜிஸ்டர் என்ற மின்னணுச் சில்லுகளை எடுப்பித்தான். திரைப் பக்கம் ஒரு சில்லு எட்டுப் பட்டனின் சேதியையும் வரிசையாக நிறுத்தி, ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிவிடும். கொட்டில் பக்கம் இன்னொன்று அதே வரிசையில் வாங்கி விளக்குகளுக்குக் கொடுக்கும். ஆட்கள் வரிசையில் நின்று நெல் மூட்டையைக் கைமாற்றுகிற மாதிரிதான். வரிசை ஓரிடம் பிசகினால் எல்லாமே ஓரிடம் தள்ளிப் போகும்.

இத்தனை பாடும் ஹாஜியாரின் இளைய மகள் சுபைறாவுக்காக. இந்தக் கிழக்குக் கரை ஊர்களில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். பொடியன் தானே வாய் திறந்து கேட்டால் ஊர் சிரித்துவிடும். ஹாஜியாருக்கே அந்த எண்ணம் வரவேண்டும். அவரோ ஜவுபரின் தொழிலைக் கம்பி விளையாட்டு என்பவர். இன்றைக்கு விளக்கு ஒழுங்காக எரிந்தால் அவர் மனம் மாறும். இல்லையென்றால் சுபைறா இல்லை.

அவள் திரைக்குப் பின்னால் எங்கேயோ இருந்தாள். சிவப்பு விளக்கு மினுங்கும்போதெல்லாம் அவளுடைய விரல்தான் கம்பி வழியே வருகிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். கடல் காற்றும் நெய் மணமும் சேர்ந்து அவனை எங்கேயோ கொண்டுபோயின. அங்கே இரண்டு விளக்குகள் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தன.

"நாலாம் சகனுக்கு வெச்சிட்டு வரட்டா?" என்று உம்மு கேட்டாள்.

"வேணாம் உம்மு ராத்தா. விளக்கு சொல்ற சகனுக்கு மட்டும் வைங்க. சும்மா அக்கம்பக்கம் பாக்காதீங்க."

காலையிலிருந்து அவன் அவளுக்குச் சொல்லிவந்த ஒரே புத்திமதி அது. சில்லுப் பெட்டியைத் திறந்து வரிசையை ஓரிடம் முன்னால் தள்ளினான். மனம் குளிர்ந்தது.

அடுத்து ஏழாம் விளக்கு எரிந்தது. உம்மு போய் வந்தாள். ஏழில் ஏப்பம் விடுகிறார்களாம், வெறுந்தட்டோடு இருப்பது ஐந்தாம் சகனாம். இப்போது இரண்டு இடம் பிசகு! திருத்தினால் குறைய வேண்டிய பிசகு எப்படிக் கூடும்? ஜவுபர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வரிசையை இரண்டு இடம் பின்னால் இழுத்தான்.

ஆறாம் விளக்கு எரிந்தது. ஆறில் ஏற்கெனவே சோறு நிறைந்திருந்தது. உம்மு அதன்மேலேயே கொட்டிவிட்டு வந்தாள், விளக்கு சொல்லிவிட்டதே! மறுபடி ஆறு எரிந்தது. மறுபடி கொட்டினாள். எட்டாம் சகனிலோ மாப்பிள்ளையின் உம்மாவே வெறுந்தட்டின் முன்னால் கையைக் காயவிட்டுக்கொண்டிருந்தாள்.

சம்பந்தி பட்டினி என்ற சேதி ஹாஜியாரின் காதுக்கு எட்டியது. கொட்டிலுக்கு வந்து விளக்குகளையும் ஜவுபரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"தம்பி, என்ட மானம் உங்கட பெட்டிக்குள்ள கிடக்கு," என்றார் மெதுவாக. உம்முவை நேரே எட்டாம் சகனுக்கு அனுப்பிவிட்டுப் போய்விட்டார். ஏசியிருந்தால்கூட ஜவுபருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எல்லாம் முடிந்துபோயிற்று. கம்பியைச் சுருட்டிக்கொண்டு திரை ஓரத்துக்கு வந்து குந்தினான். அவன் கனவில் எரிந்த இரண்டு விளக்குகளில் ஒன்று அணைந்திருந்தது. கண் கலங்கியது. எங்கே பிழை, எந்தச் சில்லில் பிழை என்று எண்ணி எண்ணி மனம் சோர்ந்தது.

திரை இலேசாக அசைந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஹாஜியாரின் மனைவி கமீலாவின் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தது.

"அந்தப் பெட்டியில ஒரு பிழையுமில்ல, மகன். எங்களுக்குச் சோறு தாங்க எண்டு ஆர்தான் கேப்பாங்க? வெக்கத்தில எல்லாரும் பக்கத்துச் சகன்ட பட்டனைத்தான் அமத்தினாங்க, அவங்களுக்கு வைக்க வாறவ நமக்கும் வெச்சிட்டுப் போவா எண்டு. நீங்களும் அப்பிடித்தானே, சுபைறாவை மனசில வெச்சிக்கிட்டு எங்கட றேடியோவைச் சுகம் விசாரிக்க வந்து வந்து போறீங்க? ஹாஜியாரிட்ட நான் சொல்லிக்கிறன். உம்மாக்கிட்டச் சொல்லி வைங்க, வாற வெள்ளிக்கிழம நாங்க மாப்பிள கேட்டு வாறம்."