நாற்பத்துநாலு இஞ்சி

தன் தலை படத்தில் வரக்கூடாது என்று சச்சிதானந்தன் சொன்னபோது மீன் அவர் கைகளில் நெளிந்துகொண்டிருந்தது.

"தலை இல்லாமல் என்ன படம்?" என்றார் மரியோ. இருவருக்கும் ஒரே கிடங்கில் வேலை. பதினொரு வருடமாகக் கனடாவில், பிக்கரிங் குடாவின் கரையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று தூண்டில் போடுகிறவர்கள்.

"மீனின் தலை வரட்டும். என் தலை வேண்டாம்."

"ஏன்?"

"இன்றைக்கு எனக்கு விரதம். நான் இப்போது கோயிலில் நிற்கிறேன்."

மரியோ சுற்றிலும் பார்த்தார். நாணல், தண்ணீர், இரண்டு வாத்துகள். கழுத்துக்குக் கீழே மட்டும் வரும்படி படத்தை எடுத்தார்.

கந்தசஷ்டியின் நாலாம் நாள், சனிக்கிழமை. சச்சிதானந்தன் ஒவ்வொரு வருடமும் ஆறு நாளும் பாலும் பழமுமாக இருப்பவர். கோயிலில் அதற்கென்று அவருக்கு ஒரு மரியாதை உண்டு. அன்று காலையும் வேட்டி கட்டி, திருநீறு பூசி, கோயிலுக்கென்றுதான் புறப்பட்டார். கார்தான் திரும்ப வேண்டிய சந்தியில் திரும்பாமல் நேரே போய்விட்டது. ஒக்ரோபர் கடைசி. பைக் என்கிற கூரிய பல்லுள்ள பெரிய மீன்கள் குளிருக்கு முன் வயிறு நிரப்பக் கரைக்கு வரும் கிழமை. முருகனுக்கு ஆறு நாள் என்றால் மீனுக்கும் ஏறக்குறைய அதே ஆறு நாள்.

நாற்பத்துநாலு இஞ்சி நீளம். மரியோ இரண்டு முறை அளந்தார். அதுவரை இருவரும் பிடித்த எதுவும் முப்பதைத் தாண்டியதில்லை.

சச்சிதானந்தன் மீனைத் தண்ணீரில் இறக்கி, வாலைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்து, அதற்குத் தெம்பு வந்ததும் விட்டார். கொல்லவில்லை. தின்னவில்லை. தொட்டது மட்டும்தான். அதற்கு வீட்டுக்குப் போய் முழுகினால் போதும்.

படம் மத்தியானம் மரியோவின் மீன்பிடிக் குழுவில் ஏறியது. பொழுதுபடுவதற்குள் ஸ்காபரோத் தமிழரின் வட்சப் எங்கும் வந்துவிட்டது. மீன் அல்ல காரணம். மேலே குளிர்ச்சட்டை, கீழே றப்பர் சப்பாத்து, நடுவில் மடித்துக் கட்டிய வேட்டி.

மாலைப் பூசை முடிந்ததும் கோயில் செயலாளர் அருள்நாயகம் போனை நீட்டினார். சச்சிதானந்தனின் மனைவி குணவதி பக்கத்தில் நின்றாள்.

"அண்ணை, உதைப் பாருங்கோ. சஷ்டியும் அதுவுமா எங்கட ஆள் ஒண்டு செய்த வேலை."

சச்சிதானந்தன் பிளாஸ்டர் சுற்றிய விரலை மடக்கிக்கொண்டு பார்த்தார். மீன் படத்தில் இன்னும் பெரிதாக இருந்தது.

"உது கொம்பியூட்டரிலை செய்த படம்."

"அதானே பார்த்தன். இஞ்ச எங்கை இவ்வளவு பெரிய மீன்? பொய் மீன்."

விஷயம் அங்கேயே முடிந்திருக்கலாம்.

"மீன் பொய்யில்லை" என்றார் சச்சிதானந்தன். "புள்ளியைப் பாருங்கோ. வயித்தைப் பாருங்கோ. நாப்பத்துநாலு இஞ்சி வரும்."

"எப்பிடித் தெரியும்?"

"ஒரு குத்துமதிப்பு."

"அப்ப ஆள் ஆர்?"

"ஆரும் விரதம் இல்லாத பெடியனா இருக்கும். பெடியளுக்கு நாள் கிழமை தெரியுமே?"

"விரதகாரன் எண்டால்தான் பிழை. பெடியன் எண்டால் பறவாயில்லை, கெட்டிக்காரன்" என்றார் அருள்நாயகம்.

குணவதி போனை வாங்கிப் பார்த்தாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாளே பெடியன் கிடைத்துவிட்டான். குணவதியின் தம்பி கிருபன். "அது நான்தான்" என்று கோயில் வட்சப் குழுவில் எழுதியிருந்தான். கீழே நூற்றுப் பத்துப் பேர் கைதட்டியிருந்தார்கள்.

கிருபன் தூண்டில் வாங்கி ஒரு வருடம். இதுவரை அதில் மாட்டியது அவனுடைய தொப்பி மட்டும்.

"பச்சைப் பொய்யன்" என்றார் சச்சிதானந்தன்.

"ஏன், அவன் பிடிக்கக் கூடாதே?" குணவதி பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"அவனுக்கு வேட்டி கட்டவே தெரியாது!"

"பழகியிருப்பான்."

"அவ்வளவு பெரிய மீனை அவன்..."

"அதைத்தான் நானும் சொல்லுறன். நீங்களும் பதினொரு வருஷமாப் போறியள். ஒரு நாளாவது இப்பிடி ஒண்டு?"

சச்சிதானந்தன் எச்சிலை விழுங்கினார். அந்தக் கிழமை அவர் விழுங்கக்கூடிய சிலவற்றில் அதுவும் ஒன்று.

திங்கட்கிழமை சூரன் போர். கோயில் வாசலில் சூரன் விழுந்த பிறகும் கூட்டம் கலையவில்லை. நடுவில் கிருபன்.

"புழு போட்டுத்தான் பிடிச்சனான். ரெண்டே நிமிசம், இழுத்துப் போட்டன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"புழுவுக்கு உது வராது" என்றார் சச்சிதானந்தன். எல்லோரும் திரும்பினார்கள். "மினுங்குற தகடு போட வேணும். இருவது நிமிசம் இழுபறிப்படும். ரெண்டு தரம் கரைக்கு வந்து திரும்பவும் ஓடும்."

"அண்ணை, பிடிச்சவன் சொல்லுறான். இடையிலை நீங்கள் ஏன்?" என்றார் அருள்நாயகம்.

கிருபன் அத்தானைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். கள்ளன், காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று கெஞ்சுகிறான் என நினைத்துக்கொண்டார் சச்சிதானந்தன். அன்றிரவு பழத்தையும் அவர் தொடவில்லை.

செவ்வாய் விடிய, வேலைக்குப் போகுமுன் வீட்டில் பாறணைச் சாப்பாடு. விரதம் முடிக்க அருள்நாயகத்தைக் குணவதி கூப்பிட்டிருந்தாள். கிருபனும் வந்திருந்தான். வாழையிலையில் ஏழு கறி. அருள்நாயகம் பைக்குள் இருந்து ஒரு பொன்னாடையை எடுத்தார்.

"எங்கட ஊர்ச் சங்கம் தம்பிக்கு ஒரு மரியாதை செய்ய விரும்புது. கனடாவிலை எங்கட பெடியன் ஒருத்தன் இப்பிடி ஒரு மீன்..."

"சோறு போடட்டே?" குணவதி கணவனைக் கேட்டாள்.

"வேண்டாம்."

"ரசம்?"

"வேண்டாம்!"

பொன்னாடை விரிந்தது. கிருபன் தலையைக் குனிந்துகொடுத்தான்.

சச்சிதானந்தன் இலையை விட்டு எழும்பினார். "அது நான்!"

"சாப்பிடுங்கோ" என்றாள் குணவதி. "பசியிலை என்னவோ கதைக்கிறார்."

"எனக்குப் பசியில்லை!" விரலில் சுற்றியிருந்த பிளாஸ்டரை அவர் பிடுங்கி எறிந்தார். "தேங்காய் உடைக்க வெட்டினதெண்டு சொன்னனான். இல்லை. அந்த மீன்ர பல்லு! சனிக்கிழமை காலமை பத்தேகால். பிக்கரிங் குடா. நாப்பத்துநாலு இஞ்சி. நான்!"

நாலு நாளில் முதல் முறையாக அவருக்கு நெஞ்சு லேசானது. அது அரை நிமிடம் இருந்தது.

அருள்நாயகம் விரல் விட்டு எண்ணினார். "சனிக்கிழமை... நாலாம் நாள்." பொன்னாடையைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். பைக்குள் வைத்தார். பாயசம் குடிக்காமல் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார். இனி அந்தச் செய்தி ஒன்பது மணிக்குள் பக்கத்து நகரமான றிச்மண்ட் ஹில் வரை போய்விடும்.

குணவதி ரசச் சட்டியோடு குசினிக்குள் போனாள். உள்ளே எதையோ ஓங்கி வைக்கும் சத்தம் கேட்டது.

சச்சிதானந்தன் கிருபன் பக்கம் திரும்பினார். "உனக்கு வெக்கமில்லையே, என்ர மீனைக் களவெடுக்க?"

கிருபன் குசினியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அத்தான், அண்டைக்குப் படத்தைக் கண்ட உடனையே அக்காவுக்கு உங்களைத் தெரிஞ்சிட்டுது, கோயிலிலை உங்கட மானம் போகக் கூடாதெண்டு, நான்தான் பிடிச்சனான் எண்டு என்னைச் சொல்லவைச்சதே அவதான்."