எல்லோரும் ஏழு

நலம் விசாரிப்பவர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்கும் பழக்கமான இனம்தான். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பார். கேட்கும்போது தலை இடப்பக்கம் கொஞ்சம் சாயும், குரல் இறங்கிக் குழையும், வலது கை உங்கள் தோளில் வந்து இரண்டு தட்டுத் தட்டும். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் அந்தக் கை அடுத்தவர் தோளுக்குப் போயிருக்கும். முதியோர் இல்லத்தில் முப்பத்தோரு வருடம் புண் கட்டியும் படுக்கை மாற்றியும் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். நோயாளியைப் பார்க்காமல் கட்டிலில் தொங்கும் அட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிற டாக்டர்களை நிறையக் கண்டிருக்கிறேன். அவர்கள் தேவலை. பார்த்ததாக நடிக்க மாட்டார்கள்.

எங்கள் மர்ராபூல் ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கு வாய்த்தவர் ரஸ்ஸல் டிப்பெட். நிலையத்தில் சம்பளம் வாங்காத தொண்டர்கள் பதினான்கு பேர். பெரும்பாலும் பால் பண்ணைக்காரர்கள், ஒரு ப்ளம்பர், பள்ளிப் பேருந்து ஓட்டுகிற நோரீன். புல்வெளி பற்றிக்கொண்டாலும் கார் மரத்தில் மோதினாலும் இடுப்பில் செருகிய பேஜர் அலறும், போட்டது போட்டபடி ஓடுவார்கள். நான் அவர்களுக்குத் தேநீரும் சாண்ட்விச்சும் போடுகிறவள். மாவட்ட அலுவலகம் டிப்பெட்டை 'மனநல ஒருங்கிணைப்பாளர்' என்று அனுப்பியபோது நாங்கள் வரவேற்கத்தான் செய்தோம். நசுங்கிய காரிலிருந்து ஓர் உடலை எடுத்த கையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்கு ரொட்டியில் ஜாம் தடவுவது லேசான காரியமா?

வந்த மாதமே கழிப்பறைக் கதவில் சூரிய அஸ்தமனப் படம் ஒட்டினார். ஆளுக்கொரு ரப்பர் பந்து கொடுத்தார், கவலை வந்தால் பிசைய. நோரீனின் நாய் அதில் நான்கைத் தின்றுவிட்டது; அதற்கு எந்தக் கவலையும் தீரவில்லை. "என் அறைக் கதவு எப்பவும் திறந்தே இருக்கும்" என்றார். உண்மை. பூட்டு கெட்டுப்போயிருந்தது. உள்ளே ஆள்தான் இருக்க மாட்டார்; ஏதாவதொரு மாநாட்டில் மன அழுத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

பிறகு படிவம் வந்தது. ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் உங்கள் மனநிலைக்கு நீங்களே பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். ஐந்துக்குக் கீழே போட்டால் டிப்பெட் போன் செய்து தன் விவாகரத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசுவார். ஒன்பது போட்டால் உங்களைப் படம் பிடித்துச் சுவரொட்டியில் ஏற்றிவிடுவார். அதனால் எல்லோரும் ஏழு. நானும் ஏழு. கோடு போட்ட மாதிரி நேராக இருந்த அந்த வரைபடத்தை அவர் மேலதிகாரிகளிடம் காட்டிப் பூரித்துப்போனார்: "பாருங்க, எவ்வளவு நிதானமான மனசுங்க!"

இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போகலாம். அவர் அடுத்துச் செய்ததுதான் அக்கிரமம். நாங்கள் தீயணைப்பு வண்டி கழுவுவதை நிறுத்தினார்.

எங்கள் வழக்கம் இது. வேலை முடிந்து வந்ததும் யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். வண்டியைக் கழுவி, குழாய்களை நீளமாக விரித்துத் தேய்த்து, திரும்பச் சுருட்டி அடுக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆகும். கை வேலையாக இருக்கும், கண் குழாயைப் பார்க்கும், அப்போது வாய் தானாகத் திறக்கும். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. டிப்பெட் இதைப் பார்த்தார். "களைச்சுப்போன மனுஷங்கள வேலை வாங்குறதா?" என்று பதறினார். வெளியாளை வைத்துக் கழுவ ஏற்பாடு செய்தார். தொண்டர்கள் கையில் மனம் அமைதியாக ஒரு லாவண்டர் வாசனைப் பையும் படிவமும் கொடுத்து நேராக வீட்டுக்கு அனுப்பினார்.

அந்த ஏற்பாட்டின் முதல் வாரத்தில்தான் பால் தொழிற்சாலைச் சாலையில், தனியாளாக மாட்டுப் பண்ணை நடத்திய ஆர்ச்சர் கிழவரின் கார் மரத்தில் மோதியது. காரை வெட்டித் திறக்க நாற்பது நிமிடம். அவ்வளவு நேரமும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்திருந்தவன் எங்கள் ப்ளம்பர் டேன். கிழவர் பிழைக்கவில்லை. டேன் லாவண்டர் பையோடு வீட்டுக்குப் போனான். படிவத்தில் ஏழு.

மறுநாளிலிருந்து அவன் வண்டி என் வீட்டு வாசல் வழியாகப் போக ஆரம்பித்தது. அந்த மரத்தைத் தவிர்க்கப் பதினோரு கிலோமீட்டர் சுற்று. போக ஒரு தரம், வர ஒரு தரம், மூன்று வாரம். சட்டை தொளதொளத்தது. சாண்ட்விச்சைக் கையில் வைத்திருப்பான், தின்ன மாட்டான். இப்படி ஆரம்பித்து எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். பக்கத்து ஊர் நிலையத்துத் தொண்டர் ஒருவரை இப்படித்தான் அடக்கம் செய்தோம்.

நான்காவது சனிக்கிழமை காலை டிப்பெட் வகுப்பு எடுத்தார். தலைப்பு: 'காது கொடுப்போம்.' திரையில் ஒரு பெரிய காது. பாதியில் டேன் எழுந்தான்.

"ரஸ்ஸல், ஒண்ணு சொல்லணும். அந்த ஆர்ச்சர் விஷயம்..."

"அருமை டேன், அருமை! ஆனா கேள்வியெல்லாம் கடைசில வெச்சுக்கலாம். இன்னும் பதினாறு படம் இருக்கு."

டேன் இடுப்பிலிருந்து பேஜரைக் கழற்றி மேசைமேல் வைத்தான். வெளியே போனான். டிப்பெட் பதினேழாவது காதுக்குப் போனார்.

நான் பேஜரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். அவன் தன் வண்டிக் கதவில் கை வைத்தபடி நின்றான்.

"டேய், இந்தக் குழாயெல்லாம் அழுக்கா கெடக்கு. அந்த முனையப் பிடி."

"நேத்துதான் கழுவினாங்க, சிஸ்டர்."

"அவன் கழுவின லட்சணம். பிடிடா."

இரண்டு குழாய் தேய்த்தோம். மூன்றாவதில் ஆரம்பித்தான்.

"கிழவர் வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல, சிஸ்டர். மாடு கறக்கணும், மணியாச்சுன்னே சொல்லிட்டிருந்தாரு. நான் பாத்துக்கிறேன்னேன். அதுக்கப்புறம்தான் கைய விட்டாரு." தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "நான் மறந்துட்டேன். நேரா வீட்டுக்குப் போன்னாங்க, போயிட்டேன். அந்த மாடுங்க ராத்திரி பூரா மடி கனத்து பண்ணை கேட் பக்கத்துல நின்னு கத்தியிருக்கு."

வழக்கம்போல வண்டி கழுவியிருந்தால் அன்றைக்கு அங்கே நாலு பண்ணைக்காரர்கள் நின்றிருப்பார்கள். ஒருவன் காதில் விழுந்திருந்தால் போதும், அரை மணியில் கறந்திருப்பார்கள்.

"எப்பக் கறந்தாங்க?"

"காலைல. நோரீன்."

"ஏதாச்சும் செத்துச்சா?"

"இல்ல. ரெண்டுக்கு மடி வீங்கிச்சு. சரியாயிடுச்சு."

"சரி. புதன்கிழமை பத்தரைக்கு உன்ன டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். இதுக்குன்னே படிச்ச அம்மா, தோளத் தட்ட மாட்டாங்க. வரமாட்டேன்னா சொல்லு, வாசல்ல நின்னு ஹாரன் அடிக்கிறேன். தெருவே வரும்."

"அடிப்பீங்க நீங்க" என்றான். முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான்.

நிமிர்ந்து பார்த்தால் நோரீன் நான்காவது குழாயை விரித்துக்கொண்டிருந்தாள். "அந்தக் கறுப்பு மாடு என்னை உதைச்சுது, தெரியுமாடா?" என்றாள் டேனிடம். "போன் போட்டிருந்தீன்னா சாயங்காலமே உதை வாங்கியிருப்பேன்." பின்னால் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். கேட்க ஆளில்லாத டிப்பெட் கடைசியாக வெளியே வந்தார். தலை சாய்ந்தது.

"எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

"ஏழு!" என்றது கூட்டம்.

குறித்துக்கொண்டார்.

டேன் மூன்று புதன்கிழமை போயிருக்கிறான். ஹாரன் ஒரு தடவைதான் தேவைப்பட்டது. பேஜர் என் சமையலறையில் சீனி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவன் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை. அவன் வண்டி மட்டும் இப்போது சில நாள் என் வாசலைச் சுற்றாமல் அந்த மரத்து வழியே போகிறது.

டிப்பெட்டை நினைத்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இன்று காலை வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே யாரையோ "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டீர்களே, அவர் என்ன பதில் சொன்னார்?