பதினொரு நாள் துடக்கு

"உனக்கு உன்ரை மனிசனிலை நம்பிக்கை இல்லையோ?"

இதை இதுவரை மூன்று பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மாமி, என் கணவர், பிறகு என்னைப் பெற்ற அம்மா. ஒருவருக்கும் நான் பதில் சொல்லவில்லை. எனக்கே இன்னும் பதில் தெரியாது. நம்பிக்கை இருந்தது. பயமும் இருந்தது. ஒன்று வந்தால் மற்றது எழும்பிப் போய்விடும் என்று நினைத்தேன். இரண்டும் ஒரே பாயில் சுகமாகப் படுத்துக் கிடந்தன.

என் கணவர் மத்திய கிழக்கில் மூன்று வருடம் வேலை செய்துவிட்டு அரியாலைக்குத் திரும்பி வருகிறார் என்று கடிதம் வந்தது. அதே கிழமை மகளுக்கு நிறை பார்க்கக் கிளினிக்குக்குப் போனேன். அன்று மிட்வைஃப் மிஸி தாய்மாரை வாங்கில் இருத்தி வைத்துப் பேசினார்.

"எயிட்ஸ் எண்டு ஒரு வருத்தம் வந்திருக்கு. மாத்துறதுக்கு மருந்தில்லை. உடலுறவாலை பரவும். ஆளைப் பாத்துக் கண்டுபிடிக்கேலாது. கொழுத்துச் சிவந்து நிப்பினம், உள்ளுக்கு இருக்கும். மனிசன்மார் வெளிநாட்டிலை இருக்கிற ஆக்கள் வடிவாய்க் கேளுங்கோ. இதைத் தடுக்கிற வழி என்னெண்டால்..."

குண்டு போடுகிற பொம்பர் வந்துவிட்டது.

எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பங்கர் குழிக்குள் பாய்ந்தோம். மிஸியின் முழங்கால் என் விலாவில் குத்திக்கொண்டிருந்தது. மிச்சத்தை அங்கேயே கேட்டிருக்கலாம். தலைக்கு மேலே பொம்பர் சுற்றும்போதும் எனக்கு வெட்கம்தான் பெரிதாக இருந்தது. (உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். தவளையை அறுத்து உள்ளே இருப்பதெல்லாம் ஒப்புவித்தவள்.) வெளியே வந்ததும் மிஸி நிறை பார்க்கத் தொடங்கிவிட்டார். நான் பாதி அறிவோடு வீட்டுக்கு வந்தேன்.

இவரும் வந்து இறங்கினார். கொழுத்து, சிவந்து!

அன்று பின்னேரமே, "எனக்குத் துடக்கு" என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் மாதவிலக்கு வந்தால் அடுப்படிக்கும் சாமியறைக்கும் போகக்கூடாது, தனிப்பாய். நாலாம் நாள் முழுகினால் முடிந்தது. எனக்கோ நாலாம் நாளும் தடுக்கிற வழி தெரியவில்லை. ஆகவே முழுகவில்லை.

இதற்கிடையில் என் பாதி அறிவு முழுமூச்சாக வேலை செய்தது. அவர் தேத்தண்ணி குடிக்கிற பேணியைத் தனியாக எடுத்து வைத்தேன். அவர் சாப்பிட்ட கோப்பையை முற்றத்தில் கல் அடுப்பு மூட்டி அவித்தேன். அவரைக் கடித்த நுளம்பு மகளைக் கடித்துவிடும் என்று, வீட்டில் இருந்த ஒரே நுளம்பு வலைக்குள் அவரை விட்டு நாலு பக்கமும் செருகினேன். மனுஷன் அதைப் பாசம் என்று நினைத்துச் சிரித்தார்.

மாமி சிரிக்கவில்லை. துடக்குக்காரிக்குப் பதிலாகச் சமைத்தது அவர்.

"மூண்டு நாள் சமைச்சன், ஐஞ்சு நாள் சமைச்சன். இண்டைக்குப் பதினொண்டு. வெளிக்கிடு பிள்ளை கிளினிக்குக்கு!"

இவர் மகளைச் சைக்கிள் பாரில் இருத்திப் பின்னால் வந்து வாசலில் நின்றார். மகள் மணியை அடித்துக்கொண்டே இருந்தாள். மாமி என்னைத் திரைக்கு உள்ளே இழுத்துப் போனார். (திரை என்றால் ஒரு பழைய நூல் சேலை. வெளியே வாங்கு நிறையத் தாய்மார்.)

"மிஸி, பிள்ளைக்குப் பதினொரு நாளாய் நிக்கேல்லை. உடம்பிலை இனி ஒரு பேணி ரத்தமும் இராது."

"கட்டிலிலை ஏறிப் படும், பாப்பம்" என்றார் மிஸி.

என் பொய்க்கு இன்னும் அரை நிமிடம்தான் ஆயுள்.

"எனக்குத் துடக்கில்லை."

"என்ன?"

"துடக்கில்லை மாமி. பொய் சொன்னனான்."

"அப்ப ஏனடி என்னைப் பதினொரு நாள் அடுப்படியிலை போட்டு அவிச்சனி?"

அதுவரை நான் அந்த வீட்டில் குரல் உயர்த்தியதே இல்லை. சேர்த்து வைத்ததெல்லாம் அன்றைக்குத்தான் வந்தது.

"உவர் மூண்டு வருஷம் எப்பிடி இருந்தாரெண்டு எனக்குத் தெரியாது. ரத்தம் சோதிக்காமல் நான் கிட்டப் போகமாட்டன்! எனக்கும் வருத்தம் வந்து ரெண்டு பேரும் செத்தால் என்ரை பிள்ளையை ஆர் பாக்கிறது?"

வெளியே சைக்கிள் மணி நின்றுவிட்டது.

"என்ரை மோனிலை உனக்கு நம்பிக்கை இல்லையோ?" என்றார் மாமி. நான் வாயைத் திறக்குமுன் சேலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. கணவன் ஜேர்மனியில் இருக்கும் ஒரு தாய்.

"மிஸி, அண்டைக்குப் பொம்பர் வந்தாப்போலை விட்ட இடத்திலை இருந்து சொல்லுங்கோ."

"ஓம், நாங்களும் பாதிதான் கேட்டனாங்கள்" என்றது இன்னொரு குரல்.

மிஸி சேலையை விலக்கினார்.

"பேணியாலை வராது, கோப்பையாலை வராது, நுளம்பாலை வராது. தொட்டாலும் வராது. உடலுறவாலை வரும். ரத்தத்தாலை, ஒருத்தருக்குக் குத்தின ஊசியாலை வரும். தாயிட்டை இருந்து பிள்ளைக்கும் வரும். பிழைபட்டிருந்தால் மூண்டு மாசம் கழிச்சுச் சோதிச்சால்தான் நிச்சயமாய்ச் சொல்லலாம். அதுவரைக்கும் ஒவ்வொரு முறையும் ஆணுறை. ஒரு முறைகூடத் தவறக்கூடாது. கேட்டதோ, வாசலிலை நிக்கிற தம்பி?"

வாசலில் நின்ற தம்பி சைக்கிள் செயினை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மிஸி என் கையில் ஒரு பெட்டி ஆணுறையை வைத்தார். பெட்டியை மறைக்கச் சேலைத் தலைப்பைத் தேடினேன். பிறகு எதற்கு என்று, எல்லோரும் பார்க்கக் கையிலேயே கொண்டு வந்தேன்.

பாதி வழி போனபிறகுதான் இவர் வாய் திறந்தார்.

"என்னிலை நம்பிக்கை இல்லையோ? கடிதத்திலை கேட்டிருக்கலாமே."

"உங்கடை பதிலை மாமியல்லோ உடைச்சு வாசிக்கிறவ."

"அப்ப, நீரும் சோதிப்பீரோ?"

"ஓம். ரெண்டு கையையும் நீட்டுறன்."

 மூன்று மாதத்துக்குப் பிறகு, சோதிக்கிற வசதி இருந்த கொழும்புக்குப் போக அவருக்கு மட்டும்தான் பயணப் பாஸ் கிடைத்தது. கிளாலிக் கடலைப் படகில் கடக்கும்போது தண்ணீர் படாமல் பொலித்தீனில் சுற்றி, சோதனைத் துண்டைக் கொண்டுவந்து தந்தார். வருத்தம் இல்லை என்று இருந்தது. மூன்று வருடம் எப்படி இருந்தார் என்று அதில் எழுதியிருக்கவில்லை. நானும் கேட்கவில்லை. மாமி அந்தத் துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, எங்கள் சாதகங்களோடு பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார்.

இன்றைக்கும் நான் சமைக்கப் பஞ்சிப்பட்டுச் சோம்பி இருந்தால் மாமி ஊர் கேட்கச் சொல்வார்: "பிள்ளைக்குப் பதினொரு நாளாக்கும்!"

அதே மாமிதான் இப்போது என்னை உருவேற்றிக்கொண்டிருக்கிறார். என் தங்கச்சிக்குப் பாரிஸ் மாப்பிள்ளை ஒன்று பொருந்தியிருக்கிறது. "சாதகத்தோடை ரத்தத் துண்டையும் கேள். எங்கடை பெட்டையும் சோதிச்சுத் தரட்டும்" என்கிறார். தங்கச்சி இப்போதே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு இருக்கிறார்.

கேட்கலாமா என்று நான் உங்களிடம் கேட்கவில்லை. கேட்கத்தான் போகிறேன். மாப்பிள்ளையின் தாய் நாலாவது ஆளாக, "என்ரை மோனிலை நம்பிக்கை இல்லையோ?" என்று திருப்பிக் கேட்பார். அதற்கு என்ன சொல்வது? தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள். கெதியாக எழுதுங்கள், அடுத்த மாதம் வருகிறார்கள். பாதியில் பொம்பர் வந்தால் கவலையில்லை. மிச்சத்தை இந்த முறை பங்கருக்குள் வைத்துக் கேட்டு முடிப்பேன்.