படிவத்தைக் கொடுத்தால் பொட்டலம்

கலை நிர்வாகம் படித்தவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. பாட மாட்டார்கள், ஆட மாட்டார்கள், உட்கார்ந்து கேட்கவும் மாட்டார்கள். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், ஸ்பைரல் பைண்டிங் போட்ட ப்ராஜெக்டைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, கண்டக்டரிடம்கூட "இந்த ரூட்டுக்கு ஆடியன்ஸ் எப்படி சார்?" என்று விசாரிக்கிற ஓர் ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? அவரேதான்.

என் அக்கா மகன் இளவரசு அந்த இனம். மூன்று வருஷம் பி.ஏ., அதற்கு மேல் இரண்டு வருஷம் எம்.ஏ., இரண்டும் கலை நிர்வாகம். இந்த ஐந்து வருஷத்தில் ஒரு கச்சேரியையாவது முழுசாகக் கேட்டிருப்பானா? பாடகர் ஆலாபனை ஆரம்பித்தால் இவன் நாற்காலி எண்ணுவான், பல்லவிக்கு வந்தால் வாசலின் அகலத்தை டேப் பிடித்து அளப்பான், மிருதங்கம் தனியாக முழங்கும்போது ஜெனரேட்டர்காரரைப் பிடித்துக்கொண்டு ரிஸ்க் பற்றிப் பாடம் எடுப்பான். தங்கை குழந்தையின் காதுகுத்துக்கே பவர்பாயிண்ட் போட்டவன். குழந்தையின் பெயர் ஏழாவது ஸ்லைடில் வந்தது.

2009-ல் கடைசி வருஷ ப்ராஜெக்டுக்காகச் சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து இசை விழா நடத்தினான். பாட வந்தவள் அண்ணாகிராமத்துப் பொன்னி. முறையாகப் பாட்டுப் படித்தும் அதுவரை தனி மேடை கிடைக்காத பெண். பாண்டிச்சேரியில் பொங்கல் விழா நடத்தும் லூர்துசாமி அன்று வந்து கேட்பதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்துவிட்டால் பொங்கலுக்கு அவள் கச்சேரிதான். ஆறு மாசமாகத் தொண்டை வறள அதற்காகத்தான் சாதகம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

இளவரசுக்குக் கவலை வேறு. எத்தனை பேர் கருத்துப் படிவம் எழுதித் தந்தார்கள் என்பதற்குத்தான் அவனுக்கு மார்க். கச்சேரி முடிந்தால் நம் ஜனம் படிவமா எழுதும்? பஸ்ஸுக்கு ஓடும். அதனால் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடிந்த கையோடு, பொன்னி கண்ணை மூடிச் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும்போதே மைக்கைப் பிடித்தான்.

"எல்லாரும் படிவத்த பூர்த்தி பண்ணி வாசல்ல குடுத்துட்டு, டிபன் பொட்டலம் வாங்கிக்குங்க."

"அந்தப் பொண்ணு இன்னும் பாடவே இல்லியேடா" என்றேன்.

"பாட்டு எங்க மாமா போவப்போவுது? படிவம்தான் போயிடும்."

மண்டபம் ஒழுங்காக எழுந்து வரிசையில் நின்றது. கேசரி, இட்லி, வடை. கையில் பொட்டலம் வந்த பிறகு நம்ம ஆள் எவனாவது திரும்பி உள்ளே வந்து உட்கார்ந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? முன்வரிசை லூர்துசாமியும் படிவத்தில் அஞ்சுக்கு அஞ்சு மார்க் போட்டுவிட்டுப் பாண்டி பஸ் ஏறிவிட்டார். பொன்னி கண்ணைத் திறந்தபோது எதிரே அவளுடைய அம்மாவும், மைக்செட்காரரும், மண்டபத்து வாட்ச்மேனும்தான் இருந்தார்கள். அப்படியும் ஒன்றரை மணி நேரம் பாடினாளாம்.

மறுவாரம் லூர்துசாமி போன் பண்ணினார். "என்னா நீட்டா நடத்துறீங்க தம்பி. எங்க பொங்கல் விழாவயும் நீங்களே நடத்திக் குடுங்க. ஆமா, அந்தப் பொண்ணு எப்படிப் பாடும்? போட்டுடலாமா?"

இளவரசு பொய் சொல்லமாட்டான். "தெரியல சார். நான் வாசல்ல படிவம் எண்ணிக்கிட்டிருந்தேன்."

பொங்கலுக்கு வேறு யாரோ பாடினார்கள். இளவரசு முதல் வகுப்பில் தேறினான். வந்த படிவங்களில் தொண்ணூற்றாறு விழுக்காடு, பாட்டு 'மிகச் சிறப்பு'. கலர் கலராக வட்டப் படம் போட்ட அறிக்கையில் ஒரு பிரதியைப் பொன்னிக்கும் கொடுத்தான். அவள் கடைசிப் பக்கம் வரை நிதானமாகப் புரட்டிப் பார்த்தாள்.

"இதுல யார்னா நான் பாடுனத கேட்டாங்களாண்ணே?"

"அந்தக் கேள்வி படிவத்துல இல்லம்மா."

எனக்கு வயிறு எரிந்தது. உங்களுக்கும் எரியும், பாவம். ஆனால் அந்தப் படிவக் கட்டை நான் ஒருநாள் புரட்டிப் பார்த்தேன். ஒன்றில் பெயர் போடாமல், அக்கறையாக எழுதியிருந்தது: 'பாடகி இன்னும் கொஞ்ச நேரம் பாடியிருக்கலாம்.' கையெழுத்து அச்சு அசல் உங்களுடையது. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பொட்டல வரிசையில் உங்களுக்கு முன்னால் நின்றவன் நான்தான்.