மாமனார் காரும் தொங்கும் பிரேக்கும்

எதையும் அளந்து, தேதி போட்டு எழுதி வைக்கிற ஆள் நான். (எனக்குப் பல் பிடுங்கிய தேதிகூட டைரியில் இருக்கிறது, எந்தப் பல் என்று படமும் இருக்கிறது.) ஊர் சிரிக்க மாட்டிக்கொண்டதும் அளந்ததால்தான்.

2011. ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருந்தேன். பக்கத்தில் வல்லத்தில் இருந்த மாமனாரிடம் அறுபதுகளின் கார் ஒன்று இருந்தது. அதன் பிரேக் பெடல் தரையைத் துளைத்துக்கொண்டு காளான் மாதிரி மேலே வரும். பிரேக் எண்ணெய் டப்பா தரைக்கு அடியில். மழைக்காலம் தவறாமல் அதில் தண்ணீர் புகுந்து பிரேக் கெடும்.

"ஆயுதபூஜைக்குள்ள சரியாவலைன்னா காயலான் கடைக்குப் போட்டுடுவேன்" என்றார் மாமனார்.

என் மனைவி அந்தக் காரின் பின்சீட்டில் பிறந்தவள். (ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள்.) அன்று முழுக்க அவள் அந்தப் பின்சீட்டை விட்டு இறங்கவில்லை. நான் வீரத்துடன் எழுந்தேன்.

"மாமா, பெடலைத் தரையிலேர்ந்து எடுத்துட்டு, இன்ஜினுக்கும் நமக்கும் நடுவுல இருக்கற தகரச் சுவர்ல தொங்கவிட்டுடலாம். எண்ணெய் டப்பாவும் மேல வந்துடும். இப்ப வர்ற காரெல்லாம் அப்படித்தான்."

"கார் நிக்குமா, அதுவும் தொங்குமா?"

எங்கள் தொழிற்சாலையில் வெல்டராக இருந்த திருநெல்வேலிக்காரன் முருகனைக் கூட்டிவந்தேன். தகரம் வளையாமலிருக்கத் தடித்த தகடு வைத்துப் பற்றவைத்தான். பெடல் எவ்வளவு தூரத்தில் தொங்க வேண்டும் என்று நான் உட்கார்ந்து, காலை நீட்டி, பதினேழு முறை அளந்து நோட்டில் குறித்தேன். (என் உயரம் ஐந்தடி இரண்டங்குலம். சீட்டோ துருப்பிடித்து, முன்னும் போகாது பின்னும் போகாது.)

ஆயுதபூஜைக்கு முந்தைய ஞாயிறு, ஷிப்ட் முடிந்த கையோடு மாமனாரையும் முருகனையும் ஏற்றிக்கொண்டு காரைக் கோயிலுக்கு ஓட்டிப்போனேன். வாசலில் அழகாக நின்றது. மாமனார் முகத்தில்கூட ஒரு தெளிவு. குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார் பூசாரி. வெறுங்காலோடு ஏறினேன், பக்கத்தில் மாமனார்.

பழம் நசுங்கியது. கார் சரிவில் இறங்கியது. எதிரே, ஞாயிறு ஓவர்டைமுக்குப் போகக் கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற கூட்டம். பிரேக்கை மிதித்தேன். விரல் நுனி பெடலைத் தொட்டது; அதற்கு மேல் கால் இல்லை.

"மாப்ள, பிரேக்கு!"

"மிதிக்கிறேன் மாமா!"

"இன்னாத்த மிதிக்கிறீங்க, காத்தையா?"

சீட்டிலிருந்து சறுக்கி இறங்கினேன். பெடல் எட்டியது. சாலைதான் தெரியவில்லை.

"டேய், டிரைவரே இல்லாம ஒரு கார் வருதுடா!" என்று யாரோ கத்தினார்கள். நான் மிதிப்பதற்குள் மாமனார் ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தார். கார் ஜல்லிக் குவியலில் மூக்கை வைத்து நின்றது. கூட்டம் விசிலடித்தது.

"நாளைக்கே காயலான் கடை" என்றார் மாமனார்.

அப்போதுதான் கோயில் வாசலிலிருந்து ஓடிவந்தான் முருகன். "அண்ணே, வரும்போது நின்னுச்சுல்லா? அப்பம் கால்ல என்ன போட்டிருந்திய?" என்றபடி என் சேஃப்டி ஷூவைத் தூக்கிக் காட்டினான். ஓரங்குலத் தடிமனில் அடிப்பாகம்.

நோட்டைப் புரட்டினேன். பதினேழு அளவும் ஷிப்ட் முடிந்து வந்து எடுத்தவை. பதினேழு முறையும் காலில் ஷூ.

"பதினேழு தபா அளந்தீங்களே மாப்ள, ஒரு தபா ஷூவைக் கயட்டினீங்களா?"

ஆறடி மனிதரான மாமனார் என்னை நகர்த்திவிட்டு வெறுங்காலோடு ஏறினார். ஓட்டினார், நிறுத்தினார். மறுபடி ஓட்டினார், நிறுத்தினார். இறங்கி வந்து சொன்னார்: "கார் நல்லா கீது. கால்தான் சின்னது."

கார் பிழைத்தது. அன்று மாலை மனைவி எனக்குக் கேசரி கிண்டினாள். முருகனுக்கு என்னைவிட ஒரு கரண்டி அதிகம். அவனுக்கு நான் பட்டிருக்கும் கடனுக்கு அது குறைவுதான்.

"இனி கார்ல ஒரு ஓட்டைகூடப் போடக்கூடாது" என்பது மாமனார் உத்தரவு. ஆகவே அந்தப் பெடல் அதே இடத்தில் தொங்குகிறது. மறு வருடம் மைத்துனியைப் பெண் பார்க்க வந்தார்கள். வேலை, ஊர் எல்லாம் விசாரித்து முடித்த மாமனார் மாப்பிள்ளைப் பையனைக் கூர்ந்து பார்த்துக் கடைசியாகக் கேட்டார்:

"தம்பி, கால் எட்டுமா?"

அவர்கள் வீட்டார் விழித்தார்கள். எங்கள் வீட்டார் யாருக்கும் காபியை விழுங்க முடியவில்லை. என்னையும் சேர்த்து.