மில்லிமீட்டர் வயிற்றில் வளர்த்த கிருமிகள்

உலகத்தில் உள்ள எதையும் ஒரு ஸ்கேலை வைத்து அளந்து, தேறுமா தேறாதா என்று சொல்லிவிடலாம் என்று நம்பிய ஒரே மனிதர் கள்ளக்குறிச்சியில் இருந்தார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயரை நான் பார்த்ததில்லை. ஊருக்கு அவர் மில்லிமீட்டர்.

நான் அந்த ஊரில் முப்பது வருடம் சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி நடத்திய டாக்டர். மாடிப்படிக்குக் கீழே இருந்த அறைதான் லேப். எண்பதுகளில் மில்லிமீட்டர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். ஒல்லியான ஆள், தடிமனான கண்ணாடி, சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஆறங்குல ஸ்டீல் ஸ்கேல்.

அவர் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புண்ணிலிருந்து சீழைப் பஞ்சால் தொட்டு எடுத்து, கண்ணாடித் தட்டில் கடல்பாசி போல உறைந்திருக்கும் ஒன்றின் மேல் தடவுவார். அதன் மேல், மருந்தில் நனைத்த பொட்டு அளவுக் காகித வில்லைகளை இடம் விட்டு வைப்பார். தட்டு முப்பத்தைந்து டிகிரி வெப்பத்தில் ஓர் இரவு இருக்க வேண்டும். காலையில் கிருமி தட்டு முழுக்கப் படர்ந்திருக்கும். எந்த மருந்துக்கு அது அடங்குமோ அந்த வில்லையைச் சுற்றி மட்டும் தெளிவாக ஒரு வட்டம் விழும். வட்டம் பெரிதென்றால் அந்த மருந்து கேட்கும். சின்னதென்றால் கேட்காது. இந்த வட்டத்தை அளப்பதற்காகவே ஆண்டவர் தன்னைப் படைத்தார் என்பது மில்லிமீட்டரின் விசுவாசம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் நேராக லேபுக்குத்தான் வருவார்.

அந்தப் பழக்கம் லேபோடு நிற்கவில்லை. ஆஸ்பத்திரி எதிரே டீக்கடையில் வடை வாங்கினால் முதலில் ஓட்டையை அளப்பார்.

"பன்னெண்டு மில்லிமீட்டர். போன வாரம் ஒம்பதுதான். மாவு கம்மியாயிக்கினே வருதுங்க."

கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தாமலே கேட்டார்: "நீங்க வடைய துன்றீங்களா, ஓட்டைய துன்றீங்களா?"

ஒரு தடவை சென்னையிலிருந்து வர வேண்டிய பார்சல் வரவில்லை. கிருமிக்குத் தீனி இல்லை. மில்லிமீட்டர் கசாப்புக் கடைக்குப் போய்க் கொழுப்பில்லாத கறி வாங்கி வந்து லேபிலேயே வேகவைத்துச் சாறு எடுத்தார். வாசனை மாடி வரைக்கும் போனது. பட்டினி போட்டிருந்த ஆபரேஷன் நோயாளிகள் மூன்று பேர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். வாட்ச்மேன் ஒரு டம்ளர் மொண்டு குடித்துவிட்டு, "உப்பு கம்மி" என்றார்.

"அதுங்களுக்கு அவ்ளோ போதும்" என்றார் மில்லிமீட்டர்.

"எதுங்களுக்கு?"

இவர் தட்டைத் தூக்கிக் காட்டினார். வாட்ச்மேன் அன்று மதியம் சாப்பிடவில்லை.

மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து ஒரு பெரியவர் சீமை அகத்தி இலையோடு இறங்கி வந்தார். மலையில் படர்தாமரைக்கு அதைத்தான் அரைத்துப் பூசுவார்களாம். நான் சிரித்து அனுப்பியிருப்பேன். மில்லிமீட்டர் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, சாறு பிழிந்து வாங்கிக்கொண்டார். படர்தாமரைக் காளான் லேசில் வளராது. பத்து நாளுக்கு மேல் ஆனது. பெரியவர் மறுபடி மலை இறங்கி வந்தபோது தட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இது கடையில விக்கிற மருந்து. பதினாறு. இது நீங்க கொண்டாந்தது. பதினொண்ணு."

"நம்முளுது தோத்துப்போச்சா?"

"தோக்கலீங்க. பதினொண்ணு வாங்கியிருக்கு. வெறும் தண்ணி வச்சிருந்தா ஒண்ணுமே வந்திருக்காது."

பெரியவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறினார்.

எனக்கும் அவருக்கும் ஓயாத சண்டை ஒன்று உண்டு. எனக்குப் பிரியமான ஊசி ஜென்டாமைசின். பல வருடமாகப் போட்டு வந்தேன். டாக்டர்கள் கூட்டத்தில் அதைப் பற்றி எழுந்து பேசியும் இருக்கிறேன். அதற்கு வட்டம் பதினைந்து இருந்தால் கேட்கும் என்று அர்த்தம். பதினான்கு என்றால் சந்தேகம். ஒரு நாள் பதினான்கு என்று எழுதி வந்தார்.

"ஒரு மில்லிமீட்டர்தானேய்யா. பதினஞ்சுன்னு போடு."

"பதினாலுக்கும் பதினஞ்சுக்கும் நடுவுல ஒரு ஆளு படுத்துக்கினு இருக்காருங்க சார்."

இதைப் பணிவாகத்தான் சொல்வார். அதுதான் தாங்க முடியாது.

இனி வயிற்று விவகாரம். அந்நாளில் கள்ளக்குறிச்சியில் கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். தட்டுகளை வைக்கும் பெட்டி குளிர்ந்துவிட்டால் கிருமி வளராது. இதற்கு மில்லிமீட்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். தட்டுகளைத் தட்டையான அலுமினிய டப்பாவில் அடுக்கி, மூடி, துண்டால் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். மேலே சட்டை. இதை நான் அனுமதித்திருக்கக் கூடாது. எந்தப் பாடப் புத்தகமும் அனுமதிக்காது. ஆனால் சொல்லித் தடுக்கக்கூடிய ஆளும் அவர் இல்லை.

கரண்ட் போன நாட்களில் அவர் குனிய மாட்டார், ஓட மாட்டார், தும்ம வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வார். கோயிலில் எல்லோரும் முழந்தாளிட்டால் இவர் மட்டும் தூணோடு தூணாக நிற்பார். டீக்கடையில் ஒருவர் விடாமல் கேட்பார்கள்.

"இன்னாங்க, எத்தினாவது மாசம்?"

"பதினொரு மணி நேரம் ஆவுது. இன்னும் ஏழு இருக்கு."

"வலி எடுத்தா சொல்லுங்க, வண்டி கட்டுறோம்."

அவரும் சிரிப்பார். வயிறு குலுங்காமல் சிரிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

அப்படி ஒரு கரும்பு வெட்டுக் காலத்தில்தான் முனியன் வந்தார். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் மாட்டு வண்டிக்காரர். வரிசையில் நின்றிருந்தபோது மாடு மிரண்டு, பாரம் ஏற்றிய சக்கரம் வலது பாதத்தில் ஏறிவிட்டது. ஊரில் என்னென்னவோ வைத்துக் கட்டி, மூன்றாம் நாள் என்னிடம் கொண்டு வந்தார்கள். பாதம் வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. அவர் மனைவி அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காலு நிக்குமா டாக்டரு? காலு இல்லன்னா வண்டி இல்ல. வண்டி இல்லன்னா நாங்க இல்ல."

நான் ஜென்டாமைசின் ஆரம்பித்தேன். மில்லிமீட்டர் சீழ் எடுத்துப் போனார். அன்று சாயங்காலமே கரண்ட் போய்விட்டது. டப்பா வயிற்றுக்குப் போனது.

கிருமியை முதலில் தனியாகப் பிரித்து வளர்க்க ஒரு நாள், வில்லை வைத்துப் பார்க்க ஒரு நாள். இரண்டு நாளும் அந்த மனிதர் சரியாக உட்காரவோ படுக்கவோ இல்லை. மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு ரிப்போர்ட்டை என் மேசையில் வைத்தார்.

"ஜென்டாமைசின் ஒம்பது மில்லிமீட்டர் சார். சுத்தமா கேக்கல. அமிக்காசின் இருபது. நல்லா கேக்குது. சேலத்துல கெடைக்கும். இப்ப பஸ்ல ஆளனுப்பினா சாயங்காலத்துக்குள்ள வந்துடும்."

எனக்கு எரிச்சல் வந்தது. நான் பல வருடம் பாராட்டிப் பேசிய மருந்துக்கு இவர் ஒன்பது மார்க் போடுகிறார்.

"வயித்துல கட்டிக்கிட்டுச் சுத்தினதை நான் எப்படிய்யா நம்புறது?"

"வயிறு முப்பத்தஞ்சு டிகிரி சார். பொட்டியும் முப்பத்தஞ்சுதான். வயித்துக்குக் கரண்ட் தேவையில்ல, அவ்ளோதான்."

"விளையாடாதய்யா."

"இல்ல சார். நமக்கு நல்லா தெரிஞ்ச கிருமி ஒண்ணையும் இன்னொரு தட்டுல தடவிக் கூடவே கட்டிக்கினு இருந்தேன். அதுக்கு ஜென்டாமைசின் எப்பவும் காட்டுற மாதிரி இருபத்தொண்ணு காட்டுது. அப்ப வயித்து மேல தப்பில்ல சார். வில்லை மேலயும் தப்பில்ல."

இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன நிரூபிக்க முடியும்? நான் ரிப்போர்ட்டைக் காகிதப் பளுவுக்குக் கீழே தள்ளிவிட்டு, "பார்க்கலாம்" என்றேன். இரண்டு நாள் பார்த்தேன். பழைய ஊசியே போய்க்கொண்டிருந்தது. மில்லிமீட்டர் காலையிலும் மாலையிலும் என் அறை வாசலில் வந்து நிற்பார். "சார், ஒம்பது" என்பார். போய்விடுவார்.

ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் கறுத்திருந்தன. காய்ச்சல் கொதித்தது. அப்போதுதான் சேலத்துக்கு ஆளனுப்பினேன். விரல்கள் இரண்டையும் எடுத்தேன். புது ஊசி இறங்க ஆரம்பித்தபின் காய்ச்சல் தணிந்தது, வீக்கம் வடிந்தது. கால் நின்றுவிட்டது.

வராந்தாவில் அஞ்சலை என்னை மறித்தாள்.

"கால காப்பாத்திட்டீங்க, புண்ணியம். ஆனா இந்த ஊசிய மொதல்லயே போட்டிருந்தா அந்த வெரலும் நின்னிருக்குமில்ல?"

நான் சொன்னேன்: "லேப் ரிப்போர்ட் இன்னைக்குத்தாம்மா வந்துது."

மூன்று அடி தள்ளி மில்லிமீட்டர் நின்றுகொண்டிருந்தார். கையில் முனியனின் ஃபைல். அதில் தேதியும் நேரமும் போட்ட ரிப்போர்ட் நகல் இருந்தது. திறந்து காட்டினால் போதும்.

அஞ்சலை அவர் பக்கம் திரும்பினாள்.

"யோவ், நீதானா அது? வயித்துல டப்பாவ கட்டிக்கினு டீக்கடையில இளிச்சிக்கினு நின்னியே. எங்க வூட்டுக்காரரு உள்ள செத்துக்கினு இருந்தாரு, உனக்கு ஊர்கோலம் கேக்குதா? உன் கையி உருப்படுமா? ரெண்டு வெரலு போச்சுய்யா. நீ தருவியா?"

வார்டே வாசலுக்கு வந்துவிட்டது. மில்லிமீட்டர் என்னை ஒரு தடவை பார்த்தார். ஒரே தடவை. பிறகு ஃபைலை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"காலுக்கு ஒண்ணும் ஆவாதும்மா. இருபது மில்லிமீட்டர் காட்டியிருக்கு. பயப்படாதீங்க."

"போய்யா, நீயும் உன் மில்லிமீட்டரும்."

அவர் மாடிப்படிக்குக் கீழே போய்விட்டார். நான் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனேன். இன்றைக்கு எழுதும்போது கை கூசுகிறது. அன்றைக்குக் கால் கூசாமல் நடந்து போனேன்.

என்னை அவர் திட்டவில்லை. வேலையை விடவில்லை. மறுநாள் காலை ரிப்போர்ட்டுகளோடு புதிதாக ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்தார். அடி ஸ்கேலால் கோடு போட்டிருந்தது. நோயாளி பெயர், ரிப்போர்ட் கொடுத்த நேரம், டாக்டர் வாங்கிய நேரம், கையெழுத்து.

"நேரம் போட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்."

போட்டேன். அதன் பிறகு ஒன்பது வருடம், அவர் ஓய்வு பெறும் நாள் வரைக்கும், தினமும் போட்டேன். அந்த ஒன்பது வருடத்தில் அவருடைய ரிப்போர்ட் எதையும் நான் ஒரு மணி நேரம்கூட மேசையில் வைத்திருந்ததில்லை. அவரும் அந்த வராந்தாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. டீக்கடை வடையின் ஓட்டை பதினான்கு மில்லிமீட்டருக்கு வந்ததைப் பற்றி மட்டும் வந்து வருத்தப்பட்டார்.

அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து, ஒரு மத்தியானம், பஸ் ஸ்டாண்டில் கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் அவர் ஏறுவதைப் பார்த்தேன். அவர் வீடு அங்கேதான், அணைக்குப் போகும் வழியில். நானும் ஏறினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். பஸ் நகர்ந்ததும் ஆரம்பித்தேன்.

"அந்த வண்டிக்காரர் விஷயத்துல அன்னைக்கு நான் உங்க மேல பழி போட்டது தப்பு. என்னால ஒரு விரலோ என்னவோ..."

"ரெண்டு விரல் சார்" என்றார்.

நான் கம்பியை மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

"என்கிட்ட இன்னாத்துக்கு சார் சொல்றீங்க? எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே. அந்தம்மாகிட்ட சொல்லுங்க."

நான் அஞ்சலையிடம் போகவில்லை. அடுத்த வாரம், அறுவடை முடியட்டும், பொங்கல் போகட்டும் என்று தள்ளித் தள்ளி, அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று கேட்கக்கூட ஆள் இல்லாத வயதுக்கு வந்துவிட்டேன். மில்லிமீட்டரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் இங்கே எழுதுகிறேன். அம்மா, ரிப்போர்ட் மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கே என் மேசைக்கு வந்துவிட்டது. தாமதம் என்னுடையது. நீங்கள் திட்டியது ஆள் மாறிப் போய்விட்டது.

அன்று பஸ்ஸில் அதைச் சொல்லிவிட்டு அவர் மடியில் இருந்த பையைத் தூக்கிக் காலடியில் வைத்தார். ஜன்னல் பக்கமாக நகர்ந்து, எனக்கு இடம் விட்டார். உட்கார்ந்தேன். கச்சிராயபாளையத்தில் எனக்கு எந்த வேலையும் இல்லை. டிக்கெட்டைக் கடைசி நிறுத்தம் வரைக்கும் வாங்கியிருந்தேன்.