சிறுகோளுக்கு ஸ்தல ஆய்வு

பூதலூருக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் வெண்ணிக்குடியில், கணக்கு டீச்சர் இசைவாணி தாசில்தாரிடம் ஒரு மனு கொடுத்தார். கடைத்தெரு ஹைமாஸ் விளக்கை மூன்று இரவு மட்டும் அணைத்துவைக்க வேண்டும். அவ்வளவுதான் கோரிக்கை. இவ்வளவு சின்னக் கோரிக்கையோடு தாலுகா ஆபீசுக்குள் நுழைவது எத்தனை ஆபத்து என்று படித்தவர்களுக்குத் தெரிவதில்லை.

தாசில்தார் இராஜாங்கம் மனுவை இரண்டு முறை படித்தார்.

"எதுக்கும்மா அணைக்கணும்?"

"ஒரு சிறுகோளை அளக்கிறேன் சார். வானத்துல சுத்துற பாறை. பிடிகொழுக்கட்டை மாதிரி நீளமா இருக்கும். பக்கவாட்டைக் காட்டினா வெளிச்சம் கூடும், நுனியைக் காட்டினா குறையும். அந்த ஏத்த இறக்கத்தைக் குறிச்சுக்கிட்டே வந்தா, ஒரு சுத்துக்கு எத்தனை மணி நேரம்னு கண்டுபிடிச்சிடலாம். பாதி முடிச்சிட்டேன். நாளையிலேருந்து இன்னும் மூணே ராத்திரி. அப்புறம் அது தூரமாப் போயிடும், திரும்பி வர அஞ்சு வருஷம் ஆகும்."

"வெளிச்சம் குறையுதுங்கிறீங்க. எத்தனை சதவீதம்?"

"முப்பத்தஞ்சு சார்."

தாசில்தார் நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பத்துமூன்று சதவீதத்துக்கு மேல் எது குறைந்தாலும் அது பாதிப்பு. பாதிப்பு என்றால் கணக்கெடுப்பு. மழையில் சாய்ந்த சம்பாப் பயிருக்கு உள்ள விதி வானத்துக்குப் பொருந்தாது என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை.

"எந்தக் கிராமத்துல குறையுது?"

"வானத்துல சார்."

"எந்தக் கிராமத்து வானம்?"

"நம்ம தலைக்கு மேலதான்."

"அப்ப நம்ம எல்லைதான். வி.ஏ.ஓ. வருவாரு."

வி.ஏ.ஓ. பக்கிரி மறுநாளே வந்தார். அலுவலக நேரத்தில்தான் ஆய்வு என்பதால், பகல் பதினொன்றரை மணிக்கு டீச்சர் வீட்டு மொட்டைமாடியில் நின்று அண்ணாந்து பார்த்து அறிக்கை எழுதினார்: 'மேற்படி வானத்தை நேரில் பார்வையிட்டதில், கண் கூசும் அளவுக்கு வெளிச்சம் உள்ளது. மேற்படி சிறுகோள் ஆய்வின்போது ஆஜராகவில்லை.'

"அது ராத்திரிதாங்க தெரியும்!" என்று டீச்சர் பதறினார்.

"ராத்திரி டியூட்டிக்கு உத்தரவு இல்லீங்க டீச்சர். வேணும்னா அதைப் பகல்ல வரச் சொல்லுங்க."

முதல் இரவு அப்படிப் போயிற்று. ஆனால் வி.ஏ.ஓ. மாடியேறி ஏதோ எழுதினார் என்பது எங்கள் ஊருக்குப் போதாதா? மறுநாள் காலையில் ஷேக் பரீத்தின் ஜெராக்ஸ் கடையில் நிற்க இடமில்லை. எல்லார் கையிலும் பட்டா நகல், ஆதார் நகல்.

"என்ன பாதிப்பு பாய்?"

"வெளிச்சப் பாதிப்பாம். எழுதிக் குடுத்தா நிவாரணமாம். முப்பத்துமூணுக்குக் கீழ போட்றாதீங்க, தள்ளுபடி ஆயிடும்."

யாரும் கீழே போடவில்லை. நான் நாற்பது போட்டேன். பால் விற்கும் அம்சம் தன் மாட்டுக்கொட்டகைக்குத் தனி மனு கொடுத்தார். இரண்டு கண்ணிலும் புரை விழுந்த துரைராசு நூறு சதவீதம் என்று எழுதினார். உண்மையை எழுதியவர் அவர் ஒருத்தர்தான். பேராவூரணியிலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர் போன் போட்டு, எங்களுக்கு எப்போது என்று விசாரித்தார்.

டீச்சர் தாசில்தாரிடம் ஓடினார்.

"யாருக்கும் வெளிச்சம் குறையல சார்! கூடுதலா இருக்கு, அதான் பிரச்சினை!"

"முந்நூத்தி நாப்பத்திரண்டு பேர் குறையுதுங்கிறாங்க. நீங்க ஒருத்தர் கூடுதுங்கிறீங்க. முதல் மனு குடுக்கும்போது நீங்களே குறையுதுன்னுதானம்மா சொன்னீங்க?"

இரண்டாவது இரவும் போயிற்று.

மூன்றாம் நாள் கோப்பு பறந்தது. பொதுமக்களின் ஏகோபித்த கோரிக்கையைக் கனிவுடன் பரிசீலித்த நிர்வாகம், எங்கோ உபரியாகக் கிடந்த ஹைமாஸ் கம்பம் ஒன்றை வெளிச்ச நிவாரணமாகக் கொண்டுவந்து டீச்சர் வீட்டுக்கு நேர் எதிரே நட்டது. முதல் மனுதாரர் என்பதால் சுவிட்சைப் போடும் கௌரவமும் அவருக்கே.

"இன்னிக்குத்தான் சார் கடைசி ராத்திரி," என்றார் டீச்சர். குரல் உடைந்துவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

"சந்தோஷத்துல அழறாங்க," என்று கூட்டத்துக்கு அறிவித்துவிட்டு, தாசில்தாரே சுவிட்சைப் போட்டார். நாங்கள் விசிலடித்தோம்.

அன்று முதல் வெண்ணிக்குடியில் ஒரு நட்சத்திரம்கூடத் தெரிவதில்லை. இப்போதுதான் நிஜமான இழப்பு. இதற்கு மனு எழுத டீச்சர் ஊரெல்லாம் கையெழுத்துக் கேட்டு வந்தார். ஒருத்தரும் போடவில்லை. என்னிடமும் வந்தார். புது விளக்கடியில் எடுத்த செல்பியை ஸ்டேட்டஸில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் வரச் சொல்லிவிட்டேன்.